புகையில்லாத அடுப்பு

அன்றைக்கு மலையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் மகன் பூபதி. மருமகள் சுகந்தி. பேத்தி இனியா, அப்போது மூன்றாம் வகுப்பு. மருமகளின் அண்ணன் நல்லசிவம். வேன் ஓட்டி வந்த ஜாபர். டிரைவரை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அவனும் ஆள்தான். தட்டு ஆறு எடுத்துப் போனேன், அவனுக்கும் சேர்த்து.

நீங்கள் ஐந்து பேர் என்றீர்கள். நீங்கள், உங்கள் வீட்டு அம்மணி, உங்கள் சிநேகிதர், அவர் சம்சாரம், அவர்கள் குழந்தை. ஐந்துதானே? டிரைவர் கிடையாதா? நீங்களே ஓட்டுகிறீர்கள். சரி, ஐந்து.

உட்காருங்கள் தம்பி. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகு நீங்கள் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. நானும் யாரையும் வலியப் போய்க் கூப்பிடுகிறவன் இல்லை. அது பழக்கம். மலையில் டென்ட் போட்டுத் தங்குகிறோம், சமைக்கப் பாத்திரம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். இந்தத் தெருவில் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். கல்யாண மண்டபத்தில் சாமான் அறை என் பொறுப்பில்தான் இருந்தது. அண்டா முதல் ஜல்லிக்கரண்டி வரை என் கையால் போகும், என் கையால் வரும். நான் இருந்தவரை ஒரு டம்ளர் குறைந்தது கிடையாது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் சண்டை போட்டு இலையைத் தூக்கி எறிந்தபோதுகூட ரசவாளிகளை எண்ணித்தான் உள்ளே வைத்தேன்.

ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள், திரும்பக் கொடுக்கும்போது சந்தேகம் வராது.

சோற்றுக்குண்டா ஒன்று. குழம்புச் சட்டி ஒன்று. தோசைக்கல் ஒன்று. எதற்கு என்று பார்க்கிறீர்களா? மலையில் காலையில் சோறு இறங்காது. வடிதட்டு ஒன்று.

அடுப்பு? அதற்குத்தான் வருகிறேன்.

அன்றைக்கும் இதே பேச்சுத்தான் நடந்தது. பூபதி போனில் ஒரு படத்தைக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேஸ் அடுப்பு, வாசனைத் தைல டப்பா மாதிரி ஒரு சிலிண்டர். "இதுதான்ப்பா இப்ப எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க" என்றான். வேனில் குழந்தை வருகிறது, சிலிண்டர் கூடாது என்றேன். மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு தடவை சிலிண்டர் வாயில் தீப்பிடித்து, சமையல்காரர் ஒருவருக்குப் புருவமே முளைக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் ஸ்டவ் என்றால் சோற்றில் வாடை ஏறும். ரேஷனிலும் ஊற்றுவதில்லை.

நல்லசிவம் சிரித்தார். "மூணு கல்லைக் கூட்டி வெச்சா அடுப்பு. அதுக்குப் போயி மாநாடு போடறீங்களே மாமா."

அவர் எதையும் அப்படித்தான் பேசுவார்.

அப்போது உள்ளேயிருந்து மருமகள் குழந்தையிடம் சொல்வது கேட்டது. "தாத்தாகிட்டச் சொல்லு பாப்பா, விறகு மட்டும் வேண்டாம்னு. புகை பட்டா எனக்கு இளைக்கும்."

என்னிடம் நேராகச் சொல்ல மாட்டாள். நானும் அவளிடம் நேராகப் பேசியது குறைவு. வீட்டுக்கு வந்த பெண், மாமனார் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சொன்னதை நான் மறக்கிறவன் இல்லை. அவளுக்கு இளைப்பு உண்டு. குளிர் காலத்தில் மூச்சு விசில் அடிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். மாத்திரை தீர்ந்துவிட்டால் பூபதிக்கு முன்னால் எனக்குத் தெரியும். வாங்கி வந்து குழந்தை கையில் கொடுத்துவிடுவேன்.

அதனால்தான் இந்த அடுப்பை எடுத்தேன்.

இதோ. தூக்கிப் பாருங்கள். வார்ப்பு இரும்பு. மூன்று கால், இரண்டு காது, அடியில் சாம்பல் விழச் சின்னத் தட்டு. மண்டபத்தில் காபி அண்டாவுக்குக் கீழே வைத்திருந்தோம், சூடு ஆறாமல் இருக்க. நான் வேலையை விட்டு நின்றபோது முதலாளி சால்வை போட்டார். சால்வை வேண்டாம், இந்த அடுப்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். வேறு எதையும் நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இதற்குத் தொட்டிக் கரி போட வேண்டும். தேங்காய்த் தொட்டியைச் சுட்ட கரி. இஸ்திரிக் கடைக்காரர்கள் வாங்குகிற இடத்தில் கிடைக்கும். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் கனிந்து கனிந்து நிற்கும். பொறி பறக்காது, சத்தம் வராது. புகை இல்லை. எதிரில் வெள்ளைத் துணியைப் பிடித்தாலும் கறுக்காது.

பூபதி சொன்னான், "அப்பாவுக்கு அந்த அடுப்பு பெத்த புள்ளை மாதிரி மச்சான்."

"அப்ப நீ மூத்தவனா மாப்ள, அது மூத்ததா?"

"அதுதான் மூத்தது. சொத்தெல்லாம் அதுக்குத்தான்."

மருமகள்கூட உள்ளே சிரித்தாள். எனக்குக் கேட்டது.

கரண்டி இரண்டு. ஒன்று சோற்றுக்கு, ஒன்று குழம்புக்கு. ஒரே கரண்டியை இரண்டிலும் விடுகிற பழக்கம் வேண்டாம்.

இடம் கொடைக்கானலுக்கு அப்பால், ஒரு கேரட் தோட்டத்துக்கு மேலே. நல்லசிவத்துக்குத் தெரிந்தவர் தோட்டம். டென்ட்டை பூபதி வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். விரித்தவுடன் பார்த்தேன், வாசல் ஜிப் அடிவரை வரவில்லை. கீழே ஒரு சாண் பல்லு போயிருந்தது. "உன் தலையில கிழிசலைக் கட்டியிருக்கான்" என்றேன். "ஒரு ராத்திரிதானேப்பா" என்றான். வாடகைச் சாமான் என்றால் வாங்கும்போதே விரித்துப் பார்த்து வாங்க வேண்டாமா? நான் கொடுத்த சாமானில் அப்படி ஒரு குறை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

டென்ட்டுக்கு வெளியே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன் கீழ் அடுப்பைப் பற்றவைத்தேன். மத்தியானத்துக்குள் சோறு, கேரட் சாம்பார், அப்பளம். தட்டு ஆறு போட்டோம். ஜாபர் இரண்டாம் தரம் சோறு வாங்கினான். "ஐயா, இந்த அடுப்புல செஞ்சா சாம்பாருக்குத் தனி ருசிங்க" என்றான். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அவனும் மாறிவிட்டான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மழை பிடித்தது. மலை மழை, ஊசி மாதிரி, குளிரையும் கூட்டிக்கொண்டு வரும். குழந்தைக்குக் கொண்டு வந்திருந்த பால் திரிந்துவிட்டது. பால் வாங்கி வருகிறோம் என்று நல்லசிவமும் ஜாபரும் வேனை எடுத்துக்கொண்டு கீழே போனார்கள். பூபதி, மருமகள், குழந்தை மூன்று பேரும் டென்ட்டுக்குள் போய்ப் படுத்தார்கள்.

நானா? நான் எப்படி உள்ளே போவது தம்பி? மருமகள் படுக்கிற இடம். தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன்.

மழை சாரலாக அடுப்பில் விழுந்தது. கரி சீறியது. அப்போது டென்ட்டுக்குள்ளிருந்து இனியா கூப்பிட்டாள். "தாத்தா, அம்மாக்குக் குளிருது. அடுப்பை உள்ள குடு."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. வெளியே இருந்தால் நனைந்து அணையும். வேன் வந்ததும் டீ போட வேண்டும், மறுபடி பற்றவைப்பது லேசான வேலையா? பூபதி ஜிப்பைத் திறந்தான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுப்பை நீட்டினேன். அவன் காதைப் பிடித்து வாங்கினான். "உள்ள வைக்கலாமாப்பா? இல்ல அணைச்சிரட்டுமா?" என்று கேட்டான்.

கேட்டான். அதை மறைக்கவில்லை. "இருக்கட்டும்டா, டீக்கு ஆகும். புகை இல்லை" என்றேன். புகை இருந்ததா? இல்லை. நான் சொன்னது சரியா, தவறா? நீங்களே சொல்லுங்கள்.

சாரல் உள்ளே அடிக்கக்கூடாதென்று வெளியிலிருந்து ஜிப்பை நான்தான் இழுத்து விட்டேன், எதுவரை வருமோ அதுவரை. அந்த ஒரு சாண் மட்டும் திறந்தபடி நின்றது.

தட்டு ஐந்து. இவை விளிம்பு மடித்தவை, குழந்தை பிடித்தால் கை சுடாது.

கொஞ்ச நேரம் அப்பாவும் மகளும் பேசுவது கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். பிறகு இனியா அந்தச் சந்தின் பக்கம் வந்து குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் தேய்ப்பதைப் பார்க்க வேண்டுமாம். மூக்கும் வாயும் அந்த ஒரு சாண் வழியாகத் தெரிந்தது. "தாத்தா, தலை வலிக்குது" என்றாள். "மலை ஏறினா அப்படித்தான் கண்ணு, தூங்கு" என்றேன். தூங்கிவிட்டாள்.

மழைத்தண்ணீர் அவள் கன்னத்தில் தெறித்தது. குழந்தை நனைகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சந்தில் ஒரு துணியைத் திணித்து அடைத்துவிடலாம் என்று பார்த்தேன். நான் கொண்டு போன கரித்துணி இரண்டு. ஒன்று குண்டாவுக்கு அடியில் ஈரமாகக் கிடந்தது. இன்னொன்றில் தட்டுகளைத் துடைத்துக் கவிழ்த்திருந்தேன். மூன்றாவது துணி இல்லை. ஆறு பேருக்குச் சமைக்கப் போகிறவன் துணி இரண்டு மட்டும் எடுத்தது தப்பு. அந்தத் தப்பை நான் யாரிடமும் ஒப்புக்கொள்வேன். மண்டபத்தில் இருந்திருந்தால் எனக்கு அது நேர்ந்திருக்காது. குழந்தை அப்படியே நனைந்துகொண்டு கிடந்தாள்.

பாத்திரம் முடிந்தது. டீக்குத் தண்ணீர் பிடித்து வைத்தேன். இஞ்சி தட்டி வைத்தேன். அடுப்பு வேண்டுமே. "பூபதி" என்றேன். பதில் இல்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். "இனியா கண்ணு, அடுப்பை நகர்த்திக் குடு" என்றேன். அவளும் அசையவில்லை. இருமினேன். டம்ளரைத் தட்டில் தட்டினேன். உண்ட களைப்பு, தூங்கட்டும் என்று விட்டேன்.

ஜிப்பைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். போலீஸ்காரர் கேட்டார். ஜாபர் கேட்டான். சொல்லுங்கள் தம்பி, உங்களுக்கும் அப்பா இருப்பார், உங்கள் சம்சாரம் படுத்திருக்கிற இடத்தில் அவர் தலையை நீட்டுவாரா? சேலை விலகியிருக்கும், எப்படியிருக்குமோ. அந்தப் பெண் என் வீட்டில் இருந்தவரை நான் வருகிறேன் என்றால் செருப்பைத் தேய்த்துச் சத்தம் காட்டிவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு மட்டும் அந்த மரியாதையை விட்டுவிட வேண்டுமா?

மறுபடியும் இருமினேன். மறுபடியும் கூப்பிட்டேன். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேனுக்காகக் காத்திருந்தேன்.

நல்லசிவம் பால் பாக்கெட்டோடு ஓடி வந்தார், தலையில் துண்டு. "எங்க மாமா ஒருத்தரையும் காணோம்?"

"தூங்கறாங்க. அடுப்பு உள்ள இருக்குது. உங்க தங்கச்சிதானே, நீங்க கூப்பிடுங்க."

அவர் கூப்பிடவில்லை. அடுப்பு உள்ளே என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒரு பார்வையை என்னை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஜிப்பைப் பிடித்து இழுத்தார், துணியே கிழிந்தது. முதலில் இனியாவை இழுத்து ஜாபர் கையில் கொடுத்தார். பிறகு தங்கையை. பிறகு பூபதியை. "பிடிங்க மாமா, காலைப் பிடிங்க" என்று கத்தினார். நான் பூபதியின் காலைப் பிடித்தேன். மருமகள் காலை ஜாபர் பிடித்தான்.

பூபதியின் முகம் நன்றாகத்தான் இருந்தது. நல்ல சிவப்பாக இருந்தது. தூக்கத்தில் சின்ன வயதில் அப்படித்தான் இருப்பான்.

டம்ளர் ஐந்து. இவை ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா, சின்ன வயது. "டென்ட்டுக்குள்ள என்ன எரிஞ்சுது?" என்று கேட்டார்.

"எதுவும் எரியலைம்மா. கரி கனிஞ்சுட்டு இருந்துது."

"அதுதாங்க" என்றார்.

கரியிலிருந்து ஒரு காற்று வருமாம். கண்ணுக்குத் தெரியாதாம், வாடையும் இல்லையாம். மூடின இடத்தில் தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடுமாம். குழந்தை அந்தச் சந்தில் மூக்கை வைத்துப் படுத்ததால் பிழைத்ததாம். நான் எதிர்த்துப் பேசவில்லை. படித்தவர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா இந்த அடுப்பைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. அடுப்பு மலையில் இருந்தது, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்காத சாமானைப் பற்றி ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

எதனால் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அடுப்பால் இல்லை, அது மட்டும் தெரியும். சோதித்துப் பார்த்துவிட்டேன். போலீஸ்காரர்கள் அடுப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அதோ அந்தச் சமையலறையில், கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, அதே தொட்டிக் கரியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். என்ன ஆயிற்று? உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் தலை வலித்தது, அது காபி குடிக்காததால்.

மேலே பார்க்கிறீர்கள். ஆமாம், ஓட்டு வீடுதான். பழைய ஓடு, இடுக்கில் வானம் தெரியும். மழை வந்தால் அந்த மூலையில் ஒரு குண்டாவை வைக்க வேண்டும். அதற்கும் இதற்கும் என்ன?

கத்தி ஒன்று. உறையோடு வைக்கிறேன்.

இனியா இப்போது நல்லசிவத்தின் வீட்டில், தாராபுரத்தில். அன்றிலிருந்து இங்கே வரவில்லை. ஒரு தடவை போனில் பேசினாள். "தாத்தா, நான்தானே அடுப்பை உள்ள குடுன்னு கேட்டேன்?" என்றாள். "அடுப்பால ஒண்ணும் இல்ல கண்ணு" என்றேன். "அப்ப எதனால?" என்றாள். "தெரியல கண்ணு" என்றேன். போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

போன மாதம் நல்லசிவம் வந்தார். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றுவிட்டார்.

"மாமா, புள்ளை தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்குது. டாக்டரும் சொல்லிட்டாங்க, பள்ளிக்கூடத்துல டீச்சரும் சொல்லிட்டாங்க. கரி அடுப்புனாலதான்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அடுப்பைக் கேட்டது தான்தானேன்னு நினைச்சு மருகுது. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'அது என் அடுப்பு கண்ணு, நான்தான் குடுத்தேன், நான்தான் மூடினேன், உன் மேல ஒண்ணும் இல்ல'ன்னு. அவ்வளவுதான். அந்தச் சனியனை எடைக்குப் போட்டுருங்க. லீவுக்கு நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

நான் அடுப்பைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன்.

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல மாமா. யாருக்குத் தெரியும் இதெல்லாம்? எனக்கே தெரியாது. புள்ளைக்காகச் சொல்லுங்க."

தம்பி, நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனால் வாழ்க்கையில் பொய்க் கணக்குச் சொன்னதில்லை. அடுப்பால் இல்லாததை அடுப்பால் என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு அவள் பெரியவளாகி, தாத்தா அன்றைக்கு ஏன் பொய் சொன்னார் என்று கேட்டால்? "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். நல்லசிவம் எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அவ சிரிச்சுப் பல நாளாச்சு மாமா" என்றார். அந்தக் குழந்தை சிரித்தால் அவள் அம்மா மாதிரியே, சத்தம் உள்ளுக்குள் இருக்கும்.

லீவு வந்துவிட்டது. அதனால்தான் நீங்கள் வந்து கேட்டபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கூச்சத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்த அடுப்பை நீங்கள் எடுத்துப் போக வேண்டும். கரி நான் வாங்கி வைத்திருக்கிறேன். மலையில் குளிரும், ராத்திரி டென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து பேர் போகிறீர்கள். ஐந்து பேரும் திரும்பி வருவீர்கள். நீங்களே நல்லசிவத்திடம் போனில் சொல்லுங்கள், அதே அடுப்பு, அதே கரி, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. அப்புறம் அவர் என்ன சொல்வார்? குழந்தையிடமும் சொல்லலாம். அவள் கேட்ட பொருளில் தோஷம் இல்லை என்றால் அவளிடமும் இல்லை. நான் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை.

இடுக்கி ஒன்று.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காபி பாதிதான் குடித்திருக்கிறீர்கள்.

சிநேகிதரிடம் கேஸ் அடுப்பு இருக்கிறதா? வந்தவுடன் அடுப்பும் வேண்டும் என்றீர்களே. இப்போதுதான் ஞாபகம் வந்ததா. சரி. டென்ட்டுக்கு வெளியில் வைத்துத்தான் சமைப்பீர்களா. சரி தம்பி. நான் வற்புறுத்துகிறவன் இல்லை. குழந்தையை ஓரமாகப் படுக்க வையுங்கள், நன்றாக மூடி…

கையை எடுங்கள், சாக்கில் நானே போடுகிறேன். போடும்போது எண்ணினால்தான் எனக்குச் சரிப்படும்.

குண்டா ஒன்று. சட்டி ஒன்று. தோசைக்கல் ஒன்று. வடிதட்டு ஒன்று. கரண்டி இரண்டு. தட்டு ஐந்து. டம்ளர் ஐந்து. கத்தி. இடுக்கி.

பார்த்துப் போங்கள், படி ஈரமாக இருக்கிறது.

எடுத்து வைத்தது பத்தொன்பது. சாக்கில் போனது பதினெட்டு. மிச்சம் ஒன்று.